முதியவர்களின் கைத்திறன் சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதியவர்களின் தோள், கை, விரல்கள் எந்த அளவுக்கு வேலை செய்கின்றன என்று சோதிப்பது பற்றிய பக்கம் இது. பெற்றோரை ஆக்குபேஷனல் தெரபிக்கோ (அன்றாட வேலைகளைத் தாமே செய்ய உதவும் சிகிச்சை) பிசியோதெரபிக்கோ அழைத்து வருகிறவர்கள் கேட்பதும், இந்தத் துறைக்குப் புதிதாக வந்த மாணவர்கள் கேட்பதும் கலந்தே இருக்கும். வேண்டியதை மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

வயதானால் கை வலு குறையத்தான் செய்யும். இதில் சோதிக்க என்ன இருக்கிறது?

குறையும், உண்மைதான். பிடிவலு முப்பதுகளில் உச்சத்தில் இருக்கும். ஐம்பதைத் தாண்டியதும் மெல்ல இறங்கும். தோல் உலர்ந்து வழுக்கும், விரல் நுனியின் தொடு உணர்வு மங்கும். அதனால்தான் வயதானவர்கள் ஒரு டம்ளரைக்கூடத் தேவைக்கு அதிகமாக இறுக்கிப் பிடிக்கிறார்கள். இதெல்லாம் வயதின் கணக்கில் சேரும்.

ஆனால் வயது இரண்டு கைகளையும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் பாதிக்கும், அதுவும் வருடக்கணக்கில். ஒரு கை மட்டும் தளர்ந்தாலோ, சில மாதங்களிலேயே கையெழுத்து மாறினாலோ, இரவில் விரல் மரத்துப்போய் விழிப்பு வந்தாலோ, வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போக முடியாது. மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது, கழுத்தில் தண்டுவடம் அழுந்துவது, பார்க்கின்சன் நோய், கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்மானம், தோளில் தசைநார் கிழிவது என எல்லாமே ‘வயசாச்சு’ என்ற ஒரே பேச்சுக்குள் ஒளிந்துகொள்ளும். பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நரம்பும் தண்டுவடமும் அழுந்தும்போது தாமதித்தால் போன வலு முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

அப்பா ‘எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை’ என்கிறார். நம்பலாமா?

அவர் பொய் சொல்லவில்லை. கஷ்டமானதைச் சத்தமில்லாமல் விட்டிருப்பார், அவ்வளவுதான். பட்டன் வைத்த சட்டைகள் அலமாரியிலேயே தங்கிவிட்டிருக்கும். லேஸ் கட்டும் ஷூ போய்ச் செருப்பு வந்திருக்கும். பாட்டில் மூடியைத் திருகுவது வேறு யாரோ ஒருவர் வேலையாகியிருக்கும். செய்யாத வேலையில் சிரமம் தெரியாதே!

ஆகவே ‘கஷ்டமாக இருக்கிறதா?’ என்று கேட்பதைவிட, ‘போன வருடம் நீங்களே செய்துகொண்டிருந்த எதை இப்போது செய்வதில்லை?’ என்று கேட்பது நல்லது. முழு நாளையும் காலையிலிருந்து வரிசையாகச் சொல்லச் சொல்வேன்: எழுந்ததும் பல் துலக்குவது, குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, மாத்திரை எடுப்பது. ‘அதை என் மனைவி பார்த்துக்கொள்கிறாள்’ என்று எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் நின்று ஏன் என்று கேட்க வேண்டும்.

பிடிவலுவை எப்படி அளக்கிறார்கள்?

டைனமோமீட்டர் என்ற கருவியால். ஜமார் என்ற வகைதான் பரவலாகப் புழங்குகிறது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பதிந்திருக்க வேண்டும். மேல்கை உடலை ஒட்டி, முழங்கை 90 டிகிரி மடங்கி, கட்டைவிரல் மேலே பார்க்கும்படி முன்கை நடுநிலையில் இருக்க வேண்டும். அகலத்தை மாற்றக்கூடிய அதன் கைப்பிடியை வழக்கமாக இரண்டாம் நிலையில் வைப்பார்கள். ஒவ்வொரு கைக்கும் மூன்று முறை. சிலர் சராசரியை எடுப்பார்கள், சிலர் அதிகபட்சத்தை. எதுவானாலும் சரி, ஆனால் எதை எடுத்தோம் என்று எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை வரும் எண்ணை இதோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

இந்தச் சட்டதிட்டம் கெடுபிடி மாதிரித் தெரியலாம். முழங்கையை நீட்டினால், மணிக்கட்டு மடங்கினால், கையை மேசையில் ஊன்றினால் எண் மாறிவிடும். அதற்காகத்தான்.

எத்தனை கிலோ இருந்தால் ‘குறைவு’?

தசை இழப்பைக் கண்டறிய ஐரோப்பிய நிபுணர் குழு 2019இல் திருத்தி வெளியிட்ட வரையறையில் ஆண்களுக்கு 27 கிலோவுக்குக் கீழ், பெண்களுக்கு 16 கிலோவுக்குக் கீழ் என்றால் குறைவு. அதே ஆண்டின் ஆசியக் குழு வரையறையில் ஆண்களுக்கு 28, பெண்களுக்கு 18. வலது கைப் பழக்கமுள்ளவர்களுக்கு வலது கை சுமார் 10 சதவீதம் கூடுதலாக இருப்பது வழக்கம். இடது கைப் பழக்கமுள்ளவர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய சமமாகவே வரும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இந்த எண்ணை டாக்டர்கள் இவ்வளவு மதிப்பதற்குக் காரணம் உண்டு. 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரைப் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வில், பிடிவலு ஒவ்வொரு 5 கிலோ குறைவதற்கும் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. உடல் தளர்ச்சியை மதிப்பிட 2001இல் முன்வைக்கப்பட்ட ஐந்து அடையாளங்களிலும் பிடிவலு ஒன்று. காரணமில்லாமல் எடை குறைவது, களைப்பு, மெதுவான நடை, குறைந்த உடலுழைப்பு ஆகியவை மற்ற நான்கு.

ஆனால் பாருங்கள், இவை உடலின் மொத்த நிலையைப் பற்றிச் சொல்பவை. அந்தக் கை மாத்திரை அட்டையைப் பிரிக்குமா, பிரிக்காதா என்று 22 கிலோ என்ற எண் சொல்லாது. பல அறிக்கைகள் பிடிவலுவோடு முடிந்துவிடுகின்றன. என் பார்வையில் அது பாதி வேலை.

விரல் மூட்டில் வலி இருந்தால் டைனமோமீட்டரை அழுத்தலாமா?

வலி வந்தால் அவர் வலிக்காக நிறுத்திக்கொள்வார். நாம் அதைப் பலவீனம் என்று எழுதிவிடுவோம். அதனால் வலித்ததா என்று கேட்டு, எண்ணுக்குப் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். மூட்டு வீங்கியவர்களுக்குக் காற்றடைத்த ரப்பர் குமிழை அழுத்தும் வகைக் கருவி இதமாக இருக்கும். மணிக்கட்டு எலும்பு முறிவோ அறுவை சிகிச்சையோ அண்மையில் நடந்திருந்தால் டாக்டர் அனுமதி இல்லாமல் வலுச் சோதனை கூடாது. அப்புறம், மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். மூச்சை விட்டபடி அழுத்தச் சொல்லுங்கள்.

பிடிவலு நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனாலும் அம்மாவால் பட்டன் போட முடியவில்லையே?

இந்தக் கேள்விக்குத்தான் நிறைய நேரம் ஒதுக்குவேன். பட்டன் போடுவதற்கு உள்ளங்கை வலு அவ்வளவாகத் தேவையில்லை. கட்டைவிரல் மற்ற விரல்களை எதிர்கொள்ள வேண்டும். விரல் நுனிக்குத் துணியும் பட்டனும் வேறு வேறாகத் தெரிய வேண்டும். ஒரு கை ஓட்டையைத் திறந்து வைக்கும் அதே நேரத்தில் மறு கை தள்ள வேண்டும். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பட்டன் நிற்காது. எது அறுந்தது என்பது, பட்டன் போடும்போது அருகில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

கண் விரலை விட்டு நகரவே இல்லையா? கழுத்துப் பட்டனில், அதாவது கண்ணுக்கு எட்டாத இடத்தில் மட்டும் தடுமாறுகிறாரா? அப்படியானால் தொடு உணர்வு போயிருக்கலாம், பார்வைதான் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறது. கட்டைவிரல் நுனிக்குப் பதிலாகச் சுட்டுவிரலின் பக்கவாட்டில் வைத்து அழுத்துகிறாரா? கட்டைவிரல் விரிந்து சுழல மறுக்கிறது. அடிமூட்டைத் தொட்டுப் பார்த்தால் பெரும்பாலும் அங்கே வலிக்கும். முதல் இரண்டு பட்டன் சுலபமாகப் போட்டுவிட்டு மூன்றாவதிலிருந்து வேகமும் வீச்சும் சுருங்குகிறதா? அது வேறு கதை, நரம்பியல் டாக்டரிடம் போக வேண்டியது. இரண்டு கையும் தனித்தனியாக நன்றாக இருந்தும் சேர்ந்து வேலை செய்ய மறுக்கிறதா? அதுவும் தனிக்கதை.

கட்டைவிரலின் எட்டும் தூரத்துக்கு ஓர் எளிய அளவு உண்டு, கபான்ஜி அளவு என்பார்கள். கட்டைவிரல் நுனி, சுட்டுவிரலின் பக்கத்தில் தொடங்கி, ஒவ்வொரு விரல் நுனியாகத் தொட்டு, சுண்டுவிரல் வழியாக இறங்கி உள்ளங்கை ரேகை வரை போனால் 10 புள்ளி. எந்தக் கருவியும் தேவையில்லை.

கிள்ளிப் பிடிக்கும் வலுவுக்குத் தனி அளவுமானி இருக்கிறது. சாவி பிடிக்கிற மாதிரி, நுனியோடு நுனி, மூன்று விரல் சேர்த்து என மூன்று வகையிலும் பார்ப்பார்கள். சும்மா ஒரு காகிதத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடிக்கச் சொல்லி இழுத்தாலே ஒன்று தெரிந்துவிடும்: கட்டைவிரல் நேராக நிற்காமல் நுனி மூட்டில் மடங்கிக் காகிதத்தைப் பிடித்தால், முழங்கை வழியாக வரும் அல்நார் நரம்பில் கோளாறு இருக்கலாம்.

குச்சி செருகுவது, கட்டை நகர்த்துவது எல்லாம் எதற்கு? சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கிறதே?

நிறையப் பேர் அப்படித்தான் முகம் சுளிப்பார்கள். ஒன்பது துளைப் பலகையில் 9 குச்சிகளைச் செருகி மறுபடியும் எடுத்துப் போட எத்தனை நொடி என்று பார்ப்பது விரல் நுட்பத்துக்கு. இளைஞர்கள் 20 நொடிக்குள் முடிப்பார்கள்; எழுபது தாண்டியவர்களுக்கு 25 நொடி வாக்கில் ஆவது சகஜம். கட்டைப் பெட்டிச் சோதனையில் நடுவில் தடுப்பு வைத்த பெட்டியின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு 60 நொடியில் எத்தனை கட்டைகளை, ஒவ்வொன்றாக, மாற்றுகிறார் என்று எண்ணுவார்கள். விரல் நுட்பம் அதிகம் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். பர்டியூ பலகை என்று ஒன்று உண்டு, அதுவும் சிறு குச்சிகளைச் செருகும் பலகைதான், 1940களில் தொழிற்சாலைக்கு ஆள் தேர்ந்தெடுக்க உருவானது. எண்பது வயதுக்காரருக்கு அதைக் கொடுத்தால் அவர் எரிச்சல்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஜெப்சன் சோதனை 1969இல் வந்தது. எழுதுவது, அட்டைகளைத் திருப்புவது, சிறு பொருள்களைப் பொறுக்குவது, கரண்டியால் பயறு அள்ளுவது, வட்டக் காய்களை அடுக்குவது, காலி டப்பா நகர்த்துவது, எடையுள்ள டப்பா நகர்த்துவது என 7 வேலைகள். நேரத்தை மட்டுமே கணக்கிடும் என்பதுதான் இதன் குறை. தோளைத் தூக்கி உடலைச் சாய்த்து எப்படியோ முடித்தவருக்கும், ஒழுங்காக முடித்தவருக்கும் ஒரே நொடி வரலாம்.

முதியவர்களுக்கென்றே தனிச் சோதனை இல்லையா?

இருக்கிறது. டெம்பா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கனடாவின் கியூபெக்கில் முதியவர்களுக்காகவே உருவாக்கினார்கள். மொத்தம் 9 வேலைகள். நான்கு ஒரு கையால், ஐந்து இரு கையால். ஜாடியைத் திறந்து ஒரு கரண்டி எடுப்பது, குடுவையிலிருந்து நீர் ஊற்றுவது, பூட்டைத் திறந்து மாத்திரை டப்பாவை எடுப்பது, உறையின் மேல் எழுதித் தபால்தலை ஒட்டுவது, கழுத்தில் துணி கட்டுவது, சீட்டு கலைத்துப் போடுவது, நாணயங்களைக் கையாள்வது போன்றவை.

நேரத்தோடு நிற்காமல், தயங்காமல் முடித்தாரா, சிரமப்பட்டு முடித்தாரா, பாதியில் உதவி வேண்டியிருந்ததா, முடியவே இல்லையா என்று தரம் பிரிப்பதும், தவறியது எதனால் என்று பிரிப்பதும்தான் இதில் எனக்குப் பிடித்தது: மூட்டு அசைவா, வலுவா, பெரிய அசைவுகளின் கட்டுப்பாடா, பிடிப்பா, நுண்ணசைவா? சிகிச்சையை எங்கே தொடங்குவது என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும். தபால்தலையைப் பற்றிச் சிரிக்கலாம்தான். ஆனால் மெல்லியதாக, ஒட்டிக்கொள்வதாக இருக்கும் ஒன்றை விரல் நுனியால் சமாளிக்கத் தெரிகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல பொருள் கிடைப்பது கஷ்டம்.

கையைச் சோதிக்கச் சொன்னால் தோளை ஏன் பார்க்கிறார்கள்?

விரலைப் பொருளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது தோள்தானே. தலைக்குப் பின்னால் கை போகிறதா (தலை வார), முதுகுக்குப் பின்னால் எதுவரை ஏறுகிறது (உடை மாட்ட, கழிப்பறையில் சுத்தம் செய்ய), பக்கவாட்டில் எவ்வளவு சுழல்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு அதே அசைவை நாம் பிடித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். தானாகத் தூக்க முடியாமல் நாம் தூக்கினால் சுலபமாக மேலே போகும் கை, தசைநார் கிழிசலையோ நரம்புப் பாதிப்பையோ காட்டும். நாம் தூக்கினாலும் மறுத்தால், மூட்டே இறுகியிருக்கிறது. முதியவர்களில் தோள் தசைநார் கிழிசல் வலியே இல்லாமலும் இருக்கும், அதனால் ‘வலி இல்லையே’ என்பதை வைத்து விட்டுவிடக் கூடாது.

மரத்துப்போவதை எப்படிக் கண்டறிவார்கள்?

எந்த விரல் என்று கேட்பதிலேயே பாதி விடை வந்துவிடும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி என்றால் மணிக்கட்டில் மீடியன் நரம்பு. சுண்டுவிரலும் மோதிர விரலின் மறு பாதியும் என்றால் அல்நார். இரவில் விழித்துக் கையை உதறுகிறேன் என்பது மீடியன் நரம்புப் பிரச்சினைக்கு அச்சு அசலான பேச்சு. கட்டைவிரலின் அடிச்சதை வற்றியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு கையிலும் விரல் நுனியிலிருந்து மேலேறினால், அதற்கு முன்பே பாதத்திலும் இருந்தால், சர்க்கரை நோய் முதலான பொதுக் காரணங்களைத் தேட வேண்டும்.

அளப்பதற்கு, வெவ்வேறு தடிமனுள்ள நைலான் இழைகளை விரலில் லேசாக வளையும் வரை அழுத்துவார்கள். கண் மூடியிருக்க வேண்டும். 2.83 என்று குறியிட்ட இழை தெரிந்தால் கைக்கு இயல்பு; முதியவர்களில் அதற்கு அடுத்த தடிமன் வரை போவது பெரிய விஷயமில்லை.

கை நடுங்குகிறது. பார்க்கின்சன்தானா?

எப்போது நடுங்குகிறது என்று பாருங்கள். மடியில் சும்மா கிடக்கும்போது நடுங்கி, எதையாவது எடுக்கப் போனால் குறைந்தால் பார்க்கின்சன் பக்கம் சந்தேகம் போகும். டம்ளரைத் தூக்கும்போதும் எழுதும்போதும்தான் நடுங்குகிறது என்றால் பெரும்பாலும் வேறு வகை. சுருள் கோடு வரையச் சொல்வதும், ஒரு வாக்கியம் எழுதச் சொல்வதும் இதற்காகத்தான்: பார்க்கின்சனில் எழுத்து போகப்போகச் சிறுத்துவிடும். சில மருந்துகளாலும் தைராய்டு கோளாறாலும்கூட நடுக்கம் வரும், எனவே மாத்திரைப் பட்டியல் முக்கியம்.

கை மந்தமாக இருப்பதற்குக் கழுத்து காரணமாகுமா?

ஆகும், அதுவும் அடிக்கடி தவறவிடப்படும் காரணம். 10 நொடியில் எத்தனை முறை கையை முழுதாக மூடித் திறக்க முடிகிறது என்று எண்ணுங்கள். ஆரோக்கியமானவர்கள் 20 முறையோ அதற்கு மேலோ செய்வார்கள். அதைவிட வெகுவாகக் குறைந்து, நடையும் தடுமாறினால் கழுத்துத் தண்டுவடத்தைப் பார்க்கச் சொல்லி அனுப்ப வேண்டும்.

பக்கவாதம் வந்தவருக்கும் இதே சோதனைகள்தானா?

சில பொருந்தும். ஆனால் கை அசையவே தொடங்காத நிலையில் குச்சிப் பலகையை நீட்டுவதில் பயனில்லை. சுவீடனில் 1975இல் வெளியான ஃபியூகல்-மேயர் அளவில் கைக்கு 66 புள்ளிகள். அசைவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டும். பொருளைப் பிடித்து நகர்த்தும் அளவுக்கு வந்துவிட்டால் 19 வேலைகள், 57 புள்ளிகள் கொண்ட ஏஆர்ஏடி என்ற கைச் சோதனை உதவும்.

கேள்வித்தாள் கொடுத்தார்கள். அதை யாராவது நிரப்பிக்கொடுக்கலாமா?

வாசித்துக் காட்டலாம், பதிலை அவரே சொல்ல வேண்டும். தோள், கை, விரல் சிரமங்களைக் கேட்கும் டாஷ் என்ற கேள்வித்தாளில் 30 கேள்விகள், சுருக்கப் பதிப்பில் 11. 0 முதல் 100 வரை, எண் கூடினால் சிரமம் கூடுதல். அதில் ஒன்றைக் கவனியுங்கள்: எந்தக் கையால் செய்தாலும் வேலை முடிகிறதா என்றுதான் கேட்கிறது. நல்ல கையால் எல்லாவற்றையும் சமாளிக்கிறவருக்கு மதிப்பெண் அழகாக வந்துவிடும்.

சோதனையில் எல்லாம் செய்கிறார். வீட்டில் அந்தக் கையைத் தொடுவதே இல்லை. ஏன்?

செய்ய முடிவது ஒன்று, செய்வது வேறு. பொருள் கைநழுவி விழுந்துவிடுமோ என்ற பயம், நேரமாகிறது என்ற அவசரம், உதவிக்கு ஓடிவரும் ஆட்கள் என எல்லாம் சேர்ந்து கையை ஓரமாக உட்கார வைத்துவிடும். பக்கவாதத்துக்குப் பிறகு இது மிகவும் சகஜம். அன்றாட வேலைகளில் அந்தக் கையை எவ்வளவு பயன்படுத்தினார் என்று கேட்கும் பட்டியல்கள் இருக்கின்றன. இரண்டு மணிக்கட்டிலும் அசைவுமானி கட்டி ஒப்பிடுவதும் உண்டு. அவர் தானாகச் சட்டை மாட்டும்போது குறுக்கே போகாமல் பார்த்துக்கொண்டிருங்கள், போதும். அதுதான் வீட்டாருக்குக் கஷ்டமான வேலை என்று எனக்குத் தெரியும்.

மறதி நோய் உள்ளவருக்குச் சோதனை செய்ய முடியுமா?

முடியும். வாயால் சொல்வதைவிடச் செய்து காட்ட வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு வேலை. ‘பல் துலக்குவது போல நடித்துக் காட்டுங்கள்’ என்றால் திகைத்து நிற்பவர், கையில் உண்மையான பிரஷைக் கொடுத்தால் தானாகத் துலக்குவார். நடிக்க முடியாததைக் கையின் குறை என்று எழுதிவிடக் கூடாது.

மூன்று மாதத்தில் பிடிவலு 2 கிலோ கூடியிருக்கிறது. முன்னேற்றமா?

சந்தோஷப்படுங்கள், ஆனால் அதை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஒரே ஆளுக்கே காலையும் மாலையும் அவ்வளவு மாறும். பொதுவாக 5 கிலோவுக்கு மேல் மாறினால்தான் உண்மையான மாற்றம் என்று தைரியமாகச் சொல்லலாம். அதே கருவி, அதே நாற்காலி, முடிந்தால் அதே நேரம். பார்க்கின்சன் மருந்து எடுப்பவர்களுக்கு மாத்திரை போட்டு எவ்வளவு நேரமாயிற்று என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எப்போது சோதனைக்கெல்லாம் காத்திருக்காமல் ஓட வேண்டும்?

ஒரு கை திடீரென்று வலுவிழந்து தொங்கினாலோ, முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, உடனே அவசர சிகிச்சைக்கு. சில நிமிடங்களில் சரியாகிவிட்டாலும் போகத்தான் வேண்டும்.

சோதனைக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி இரண்டும் முதலில். அவை இல்லாமல் செய்த சோதனையில் கண்ணின் குறையும் காதின் குறையும் கையின் கணக்கில் ஏறிவிடும். தினமும் போடும் மாத்திரைகளை அட்டையோடு கொண்டுவாருங்கள்; பட்டியலுக்கும் ஆகும், அவரே பிரித்துக் காட்டவும் ஆகும். பட்டன் வைத்த, தளர்வான சட்டையில் வரட்டும். அவசரத்துக்காக வீட்டிலேயே பட்டனைப் போட்டு விடாதீர்கள், இங்கே அவரே போடட்டும்.